மழைத் தண்ணீர் எங்கே போகிறது? எட்டாந் தரத்தோடு ஒரு களப்பயணம்

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 8க்கு விஞ்ஞானமும் புவியியலும் படிப்பிக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். போன வருடம் கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா போனோம். விடியற்காலை 3 மணிக்குப் புறப்பட்டு நடுச்சாமத்தில் திரும்பினோம். மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னால், முக்கால்வாசிப் பேர் பஸ்ஸில் பாடிய பாட்டையும் வழியில் சாப்பிட்டதையும்தான் எழுதியிருந்தார்கள். இந்த வருடம், "அந்த ஒரு நாளில் ரெண்டு பாடமாவது முடியும், சுற்றுலா வேண்டாம்" என்கிறார் அதிபர். பெற்றோரும், "சுத்திப் பார்க்கவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம்? பஸ் காசுக்கு எத்தனை பேர் போடணும்?" என்று கேட்கிறார்கள். வெளியே கூட்டிப்போவதால் படிப்புக்கு உண்மையிலேயே பலன் உண்டா? உண்டென்றால், காசு செலவில்லாமலும் ஆபத்தில்லாமலும் அதை எப்படிச் செய்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

பலன் உண்டு. போன வருடம் அது ஏன் கைக்கு வரவில்லை என்பதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் அடுத்துச் செய்யவேண்டியது அதிலிருந்துதான் வருகிறது.

1994இல் ஒரியன், ஹொஃப்ஸ்டைன் என்ற இரண்டு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் விஞ்ஞானக் களப்பயணங்களில் பிள்ளைகள் எவ்வளவு கற்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். போகிற இடம், அங்கே செய்யப்போகிற வேலை, அன்றைய நாள் எப்படி நடக்கும் என்பது ஆகிய மூன்றும் பிள்ளைக்குப் புதிதாக இருந்தால், மனம் அந்தப் புதுமையைச் சமாளிப்பதிலேயே செலவாகிவிடும். பாடத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். மூன்றையும் முன்கூட்டியே பழக்கிவிட்டால் கற்றல் கூடுகிறது என்பதே அவர்கள் கண்டது. முதன்முதல் கடலைப் பார்க்கிற, முதன்முதல் அவ்வளவு தூரம் பஸ்ஸில் போகிற, தூக்கமில்லாத ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை பஸ்ஸில் பாடிய பாட்டை எழுதியதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பயணம் அவர்களுக்கு மகிழ்ச்சி தந்திருக்கிறது, அது வீணல்ல. ஆனால் அதைப் பாடம் என்று எண்ணி மதிப்பெண் போடப் போனதுதான் சிக்கல்.

அதிபரிடம் காட்ட இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011இல் ஓர் ஓவியக் காட்சியகம் திறந்தபோது, வரக் கேட்ட பாடசாலைகள் இடத்துக்கு மிஞ்சிவிட்டதால் சீட்டுக் குலுக்கி அனுப்பினார்கள். போனவர்கள், இன்னும் போகாதவர்கள் என்று கிட்டத்தட்ட 11,000 மாணவர்களை ஆய்வாளர்களால் ஒப்பிட முடிந்தது. அரை நாள் பயணம்தான். போன பிள்ளைகள் ஒன்றைக் கூர்ந்து பார்த்து அதைப் பற்றிக் காரணத்தோடு எழுதுவதில் முன்னே நின்றார்கள். கிராமத்துப் பிள்ளைகளிலும் வறிய பாடசாலைப் பிள்ளைகளிலும் அந்த முன்னேற்றம் மற்றவர்களைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. அது ஓவியக் காட்சியகம், நம்முடைய தேயிலை மலை அல்ல. ஆனாலும் வீட்டில் வாய்ப்புக் குறைந்த பிள்ளைக்குத்தான் வெளிக்களம் அதிகம் கொடுக்கிறது என்ற அந்த முடிவு நமக்கு நேரே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஆகவே என் யோசனை: இந்த வருடம் பஸ்ஸை விட்டுவிடுங்கள். பாடசாலை வாசலிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள், அரை நாள், ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். கேள்வி இதுவாக இருக்கட்டும்: "நம்ம மலையில் விழுகிற மழைத் தண்ணீர் எங்கே போகிறது?" இதற்குள் விஞ்ஞானமும் புவியியலும் கணிதமும் வந்துவிடும். இடமும் பிள்ளைகளுக்குப் பழகிய இடம். ஐந்து கேள்வியோடு போகிற வகுப்பு எதையும் முடிக்காமல்தான் திரும்பும்.

இரண்டு கிழமைக்கு முன்பே தொடங்குங்கள். ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் தோள்பகுதியை வெட்டி, வெட்டிய தலையைக் கவிழ்த்து வாய்க்குள் வைத்தால் மழைமானி தயார். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும், அதனால் பக்கம் நேராகத் தொடங்குகிற இடம்வரை சின்னக் கல்லும் தண்ணீரும் நிரப்பி, அங்கே பூச்சியக் கோடு போட்டு, அடிமட்டத்தை ஒட்டுங்கள். இந்தப் பூச்சியக் கோட்டை விட்டுவிட்டால் அளவு முழுவதும் பிழைக்கும். மரமோ கட்டடமோ இருந்தால் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, திறந்த இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30க்கு ஒரு பிள்ளை வாசித்து, கரும்பலகை மூலையில் எழுதட்டும். வளிமண்டலவியல் திணைக்களம் நாள் மழையைக் கணக்கிடுவதும் அந்த நேரத்துக்குத்தான். பயண நாள் வருவதற்குள் "12 மி.மீ. மழை" என்றால் எவ்வளவு என்பது பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

களத்தில் மூன்று நிலையம் போதும். முதலாவது, மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது என்ற சோதனை. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முழுப் பயணத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

ஒரு பெரிய மீன் டின்னின் மேல்மூடியையும் அடியையும் வெட்டி எடுத்துவிடுங்கள். இதைப் பெரியவர்கள்தான் செய்யவேண்டும். விளிம்பை அரத்தால் தேய்த்து மேல் விளிம்பில் டேப் சுற்றுங்கள். சில டின்களின் அடிப்பக்கம் வளைவாக இருக்கும், திறப்பான் பிடிக்காது. அப்போது 3 அங்குல பி.வி.சி. குழாயை 11 செ.மீ. துண்டுகளாக அறுத்துக்கொள்ளலாம். வெளிப்பக்கம் கீழிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு. உட்பக்கம் அந்தக் கோட்டிலிருந்து 7.5 செ.மீ. மேலே இன்னொரு கோடு. டின்னை நிலத்தில் வைத்து, மேலே ஒரு பலகைத் துண்டை வைத்து, முதல் கோடுவரை மண்ணுக்குள் தட்டி இறக்குங்கள். உள்ளே ஓர் இலையைப் போட்டு, அதன்மேல் மெதுவாகத் தண்ணீரை இரண்டாவது கோடுவரை ஊற்றி, இலையை எடுத்துவிட்டு நேரம் பாருங்கள். இலை போடாமல் ஊற்றினால் தண்ணீர் மண்ணைக் குழப்பி, கிளம்பிய களி துவாரங்களை அடைத்துவிடும்.

7.5 செ.மீ. என்பதைச் சும்மா சொல்லவில்லை. அது 75 மி.மீ. மழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையின் முதற்கட்டத்தை 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் விடுகிறது, 100 மி.மீ. தாண்டினால் இரண்டாம் கட்டம், 150 மி.மீ. என்றால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. கொட்டினால், வெளியேறவேண்டிய கட்டம். வானொலியில் கேட்கிற அந்த எண்ணை, இப்போது அந்தப் பிள்ளை தன் கையால் ஒரு டின்னுக்குள் ஊற்றுகிறது. டின்னின் விட்டம் எதுவானாலும் உயரம் மாறாது. ஏன் மாறாது என்பதை வகுப்பில் கணிதப் பாடமாகவே கேளுங்கள். 7.5 செ.மீ. விட்டமுள்ள டின்னுக்கு ஏறக்குறைய 330 மி.லீ. தண்ணீர் வேண்டும்.

ஒவ்வொரு குழுவும் மூன்று டின் இறக்கட்டும்: சருகு மூடிய நிழல்மரத்தடியில் ஒன்று, தேயிலை நிரைகளுக்கு நடுவில் ஒன்று, எல்லாரும் நடந்து இறுகிய குறுக்குப்பாதையில் ஒன்று. சருகடியில் தண்ணீர் கண்ணெதிரே இறங்கும். பாதையில் பத்து நிமிடம் போனாலும் கொஞ்சம்தான் குறைந்திருக்கும். அங்கே முழுவதும் இறங்கும்வரை காத்திருக்காமல், பத்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியது என்று அடிமட்டத்தால் அளந்து எழுதிவிடுங்கள். பிழைக்கிற இடங்கள் மூன்று. டின் சாய்வாக இறங்கினால் பக்கவாட்டில் கசிந்து, மண் வேகமாக உறிஞ்சுவதுபோல் தோன்றும். கல்லிலோ தடித்த வேரிலோ முட்டினால் அடியில் இடைவெளி விழும், பக்கத்தில் வேறோர் இடம் பாருங்கள். முதல் நாள் பெருமழை பெய்திருந்தால் மூன்று இடமும் ஏற்கனவே ஊறி, வித்தியாசம் சுருங்கிவிடும். அப்போது மழைமானியின் வாசிப்பைப் பக்கத்தில் எழுதிவைத்தால் அதுவே ஒரு பாடமாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தச் சோதனையைச் செய்த பிள்ளை, "தண்ணீர் ஊறினால் நல்லது, ஓடினால் கெட்டது" என்ற முடிவுக்கு உடனே வந்துவிடும். அது பாதி உண்மை. சரிவான மலையில், வெடிப்பு விழுந்த இடத்தில், அளவுக்கு மிஞ்சி ஊறுகிற தண்ணீர்தான் மண்ணின் பிடியைத் தளர்த்திச் சரிவைக் கொண்டுவருகிறது. தேயிலை மலையில் குறுக்கே கான் (வடிகால்) வெட்டுவது இதற்காகத்தான்: மேல்மண்ணை அடித்துப்போகாத வேகத்தில் தண்ணீரைப் பிடித்து, வண்டலைக் கானிலேயே தங்கவிட்டு, மிச்சத்தை ஓடைக்கு அனுப்புவதற்கு. இதைச் சொல்ல உங்களைவிடத் தகுதியான ஒருவர் லயத்திலேயே இருப்பார், காலமெல்லாம் கான் வெட்டி ஓய்ந்த ஒரு தாத்தா. அவரை முதல் நிலையத்துக்கு அழையுங்கள். கானின் வாட்டம் (சாய்வு) எவ்வளவு இருக்கவேண்டும், கூடினால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் அவரிடமே கேட்கட்டும். வேலையில் இருப்பவரை அழைத்தால் அவருக்கு ஒரு பேர் (ஒரு நாள் கூலி) போய்விடும், அதனால் ஓய்வுபெற்றவராகப் பாருங்கள்.

மண்சரிவைத் தொட்டுப் பேசும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். 2014 ஒக்டோபர் 29இன் மீரியபெத்தை மண்சரிவையும், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியையும் வீட்டிலேயே கேட்டும் பட்டும் வளர்ந்தவர்கள் அவர்கள். உறவை இழந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் முன்னாளே தனியாகச் சொல்லிவையுங்கள். அந்தப் பிள்ளை அன்று நேரம் பார்க்கிற வேலையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் சரி. அதேவேளை சரிவின் அறிகுறிகளைச் சொல்லாமல் விடாதீர்கள்: நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, பீலித் தண்ணீர் (ஊற்றிலிருந்து குழாயில் வருவது) திடீரென்று கலங்குவது அல்லது நின்றுவிடுவது, மரமோ மின்கம்பமோ சாய்வது. இவற்றைத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கே ஒரு காவல்.

இரண்டாவது நிலையம் ஓடை. காட்டிலிருந்து இறங்குகிற இடத்தில் ஒரு போத்தல், தேயிலையையோ மரக்கறித் தோட்டத்தையோ தாண்டிய பிறகு இன்னொரு போத்தல், ஒவ்வொன்றிலும் ஒரு லீற்றர். கீழே முதலில் எடுத்துவிட்டுப் பிறகு மேலே போங்கள்; மேலே கால் வைத்துக் கலக்கியது கீழ்ப் போத்தலுக்குள் வந்துவிடக்கூடாது. வகுப்பில் ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் படிந்த வண்டலின் உயரத்தை அளக்கலாம். அதோடு தண்ணீருக்கு அடியில் கிடக்கிற ஐந்தாறு கல்லைப் புரட்டிப் பார்க்கட்டும். வால்பக்கம் நூல்போல இழைகள் உள்ள தட்டையான பூச்சிக் குஞ்சுகளும், பொடிக்கல்லை ஒட்டிக் கூடு கட்டிய புழுக்களும் இருந்தால் தண்ணீரில் ஒட்சிசன் நன்றாக இருக்கிறது. சிவந்த மண்புழுபோன்ற குடம்பிகள் மட்டுமே இருந்தால் அழுக்குச் சேர்கிறது. பார்த்த கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே வைக்கவேண்டும். அது அந்த உயிர்களின் வீட்டுக் கூரை.

மூன்றாவது, தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்ற கணக்கு. நேராக ஓடுகிற 10 மீற்றர் தூரத்தைக் கயிற்றால் குறித்து, ஒரு தோடம்பழத்தை மேலே விட்டுக் கீழே வரும் நேரத்தைப் பாருங்கள். தோடம்பழம் முக்கால்வாசி அமிழ்ந்து மிதப்பதால் காற்று தள்ளாது. இலையும் பிளாஸ்டிக் மூடியும் காற்றோடு போய்விடும். ஐந்து தடவை விட்டுச் சராசரி எடுங்கள், கரையில் முட்டி நின்ற ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள். 25 செக்கன் என்றால் வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றர். மேற்பரப்பு வேகமாகவும் அடித்தளம் மெதுவாகவும் ஓடுவதால் 0.85ஆல் பெருக்கவேண்டும்: 0.34. அகலம் 1.2 மீற்றர், ஐந்து இடத்தில் அளந்த ஆழத்தின் சராசரி 0.15 மீற்றர் என்றால் குறுக்குவெட்டுப் பரப்பு 0.18 சதுர மீற்றர். பெருக்கினால் 0.061 கன மீற்றர், அதாவது செக்கனுக்கு ஏறக்குறைய 61 லீற்றர். ஒரு லயத்துக் குடம் எத்தனை செக்கனில் நிரம்பும் என்று கேட்டுப்பாருங்கள், தசமத்துக்குப் பயப்படுகிற பிள்ளையும் கணக்குப் போட்டுவிடும்.

38 பேரை ஏழு குழுவாக்குங்கள்: நாலு குழுவில் ஐவர், மூன்று குழுவில் அறுவர். அளப்பவர், நேரம் பார்ப்பவர், எழுதுபவர், படம் வரைபவர், சாமான் காப்பவர் என்று வேலை பிரித்து, நிலையம் மாறும்போது வேலையையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அழகாக எழுதுகிற பெண்பிள்ளை மூன்று நிலையத்திலும் எழுதிக்கொண்டே இருப்பாள், தண்ணீரில் கை வைக்கவே மாட்டாள். ஒரே நேரத்தில் ஒரு நிலையத்தில் இரண்டு அல்லது மூன்று குழு, ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர், சுற்றி வர இன்னொருவர். டின் பத்து போதும். ஏழு குழுவும் மூன்று மூன்று தடவை ஊற்ற மொத்தம் 7 லீற்றர் தண்ணீர் பிடிக்கும், ஐந்து லீற்றர் கேன் இரண்டு எடுங்கள். நிலையத்துக்கு 35 நிமிடம். 8.15க்குப் புறப்பட்டால், இடையில் ரொட்டி சாப்பிட்டு, 11.30க்கு முன் வகுப்பில் இருக்கலாம். சில குழு ஓடையைப் பார்த்த பிறகு டின்னுக்கு வரும், சில குழு மறுவழியில் வரும். ஒழுங்கு எப்படியானாலும் கேள்வி ஒன்றுதான் என்பதால் குழப்பம் வராது.

வேலைத்தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. முப்பது கேள்வியோடு தாள் கொடுத்தால் பிள்ளை தாளைத்தான் பார்க்கும், ஓடையைப் பார்க்காது. ஓர் அட்டவணை, படம் வரைய ஒரு பெட்டி, "எனக்கு விளங்காத ஒன்று" என்று ஒரு வரி. இவை போதும். திரும்பும் முன் ஐந்து நிமிடம், ஒரு அடிக்கு ஒரு அடி கயிற்றுச் சதுரத்துக்குள் தெரிவதைப் பேசாமல் வரையச் சொல்லுங்கள்.

தாளில் இன்னொன்றையும் சேர்க்கச் சொல்வேன், இரண்டு நிரல்: "நாங்க சொல்றது", "புத்தகம் சொல்றது". கான் என்பது வடிகால். பீலி என்பது நீரூற்றிலிருந்து வருகிற குழாய். கவ்வாத்து என்பது கத்தரித்தல். முள்ளுக் குத்துவது மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் கொடுப்பது. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு விஞ்ஞானம் கடினமாக இருப்பதற்கு ஒரு காரணம், தங்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருள்தான் புத்தகத்தில் வேறு பெயரில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாமல் போவது. "மண்ணரிப்பைத் தடுக்கும் முறைகள் மூன்று தருக" என்ற கேள்விக்கு வெறுந்தாள் கொடுக்கிற பிள்ளையின் வீட்டுக்குப் பின்னாலேயே அந்த மூன்றும் இருக்கும். இரண்டு சொல்லும் ஒரே இடத்தில் நின்று சந்திக்க வகுப்பறையைவிட மலைதான் வசதி. தோட்டச் சொல்லைத் திருத்தி அழிக்காதீர்கள், பக்கத்தில் மற்றதை எழுதுங்கள்.

இனிப் பாதுகாப்பு. முதல் நாள், அதே நேரத்தில், அதே வழியை நீங்கள் நடந்து பார்க்கவேண்டும். மலைநாட்டில் முதல் கவலை குளவி. நிழல்மரக் கிளை, பாறை விளிம்பு, புதர் எல்லாம் பாருங்கள், அந்த மலையில் கொழுந்தெடுப்பவர்களிடம் கேளுங்கள். கூடு எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும். கூடு இருந்தால் பாதையை மாற்றுங்கள், "தள்ளித்தானே இருக்கு" என்று போகவேண்டாம். வாசனை எண்ணெயும் சென்ட்டும் அன்று வேண்டாம், கல்லெறிதலும் கூச்சலும் கூடாது. குளவி கிளம்பினால் கை வீசாமல், சட்டையாலோ பையாலோ தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு வேகமாக விலகவேண்டும். பல இடத்தில் கொட்டியிருந்தால் பிள்ளை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உதடு வீங்குவது, மூச்சுத் திணறல், வாந்தி, தலைச்சுற்று இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். முன்பு கொட்டி வீங்கிய பிள்ளை, இழுப்பு உள்ள பிள்ளை யார் என்பதைப் பெற்றோரின் சம்மதக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பலரும் மறப்பது மருந்தடிப்பு. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்கும்போதே, அந்தக் கிழமை எந்த மலைக்குப் புல் மருந்தோ பூச்சி மருந்தோ அடிக்கிறார்கள் என்று கேளுங்கள். மரக்கறித் தோட்டக்காரரிடமும் கேளுங்கள். மருந்தடித்த இடத்துக்குள் பிள்ளைகளை இறக்கவேண்டாம், அதற்குக் கீழே உள்ள ஓடையில் கை வைக்கவும் விடவேண்டாம்.

ஓடையில் கணுக்காலுக்கு மேல் ஆழமுள்ள இடம் வேண்டாம். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ சருகும் குச்சியும் கூடி வந்தாலோ மேலே மழை பெய்கிறது என்று அர்த்தம், உடனே கரையேற்றுங்கள். உங்கள் பக்கத்தில் மேல் கொத்மலை அணை இருக்கிறது. அணைக்குக் கீழே கொத்மலை ஓயாவில் எந்தக் காரணத்துக்கும் இறங்கவேண்டாம், கதவு திறந்தால் நீர் ஏறுவதற்கு நேரம் எடுக்காது. சின்ன ஓடைதான் நமக்கு வேண்டியது. அட்டைக்கு உப்புத்தூள் ஒரு சுருள், பிய்த்து எடுக்கக்கூடாது. வெள்ளைச் சீருடையில் கூட்டிப்போகாதீர்கள், அந்தச் செம்மண்ணைத் துவைப்பது மலையிலிருந்து களைத்து வருகிற அம்மாதான். விளையாட்டு உடுப்பும் பிடிமானமுள்ள சப்பாத்தும் போதும். இருவர் இருவராகச் சோடி கட்டி, புறப்படும்போதும், ஒவ்வொரு நிலையம் மாறும்போதும், திரும்பியதும் எண்ணுங்கள்.

நாள் குறிக்கும்போது உங்கள் சரிவைப் பாருங்கள். தலவாக்கலை, ஹட்டன் பக்கம் மேற்குச் சரிவு, தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர்வரை அங்கேதான் கொட்டும். ஜனவரி இறுதி முதல் மார்ச்வரையான காலைப்பொழுது உங்களுக்கு நல்லது. பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைப் பக்கத்து ஆசிரியர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட்வரை வசதி, காற்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை வரும் என்பதால் எங்கேயானாலும் நண்பகலுக்குள் திரும்பிவிடவேண்டும். விண்ணப்பத்திலேயே மாற்று நாள் ஒன்றையும் எழுதிவிடுங்கள். மாற்று நாள் இல்லாவிட்டால் மழை இருட்டிலும் "இன்றைக்கே முடித்துவிடுவோம்" என்ற எண்ணம் வரும், விபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அதிபரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: எந்தப் பாட அலகு, எந்தத் தேர்ச்சி, வழியின் கைப்படம், கூட வருகிற பெரியவர்களின் பெயர், நேரம், மாற்று நாள். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் எழுத்தில் இருக்கட்டும், வாய்வார்த்தையில் நம்பி நடக்கவேண்டாம். அதோடு இதையும் சொல்லுங்கள்: பயணத்துக்கு முன் பத்துக் கேள்வி, மூன்று கிழமைக்குப் பிறகு அதே பத்துக் கேள்வி. அதில் குறைந்தது நாலு, புதுச் சூழலில் யோசிக்கவைக்கிற கேள்வியாக இருக்கட்டும், சொல்விளக்கம் மட்டும் வேண்டாம். வரைவிலக்கணத்தை மனனமாக்குவதில் களப்பயணம் பெரிதாக ஒன்றும் செய்யாது, அதற்கு வகுப்பறையே போதும். "ஏன்" என்று எழுதுகிற இடத்தில்தான் வித்தியாசம் தெரியும். அடுத்த வருடம் யாரும் கேட்டால் காட்ட உங்கள் கையில் அந்த விடைத்தாள்கள் இருக்கும்.

திரும்பி வந்து இரண்டு நாளுக்குள் ஒரு முழுப் பாடவேளை எடுங்கள். இது விடுபட்டால் மேலே சொன்ன அத்தனையும் பாதியாகிவிடும். ஏழு குழுவின் எண்களையும் கரும்பலகையில் ஒரே அட்டவணையில் எழுதுங்கள். ஒத்துவராது. ஒரு குழு பாதையில் 9 மி.மீ. என்றும் இன்னொரு குழு 30 மி.மீ. என்றும் சொல்லும். யாரையும் பிழை என்று சொல்லவேண்டாம். டின் சாய்ந்ததா, வேர் இருந்ததா, நேரம் பார்த்தது சரியா என்று அவர்களே தேடட்டும். விஞ்ஞானம் எப்படி நடக்கிறது என்பதைப் பிள்ளை அந்த வாக்குவாதத்தில்தான் காணும். பிறகு சலாகை வரைபு, அதற்குப் பிறகு ஒரு பக்கக் கட்டுரை.

தூரப் பயணம் ஒன்றும் வேண்டுமென்று பிள்ளைகள் கேட்பார்கள், அது நியாயமான ஆசை. இந்தக் கேள்வியை நீட்டிக்கிற இடமாகப் பாருங்கள். ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து வருகிற நீர் மகாவலி, களனி, வளவை மூன்று ஆற்றுக்கும் போகிறது; உங்கள் பக்கத்து ஆக்ரா ஓயாவின் தொடக்கமும் அதுதான். அங்கே பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள், சாப்பாட்டை வாழை இலையில் கட்டச் சொல்லுங்கள். காசு குறைவாக முடியவேண்டும் என்றால் நானுஓயாவிலிருந்து ரயில். 1,891 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலை நிலையத்தைத் தாண்டி ஒரு சுரங்கம் வரும், இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா. இந்தப் பக்கம் மழையும் அந்தப் பக்கம் வெயிலுமாக இருக்கிற நாட்களும் உண்டு. நிலையப் பலகைகளில் உயரம் எழுதியிருக்கும், ஒவ்வொன்றிலும் வெப்பநிலையை எடுத்தால் 1,000 மீற்றருக்கு ஏறக்குறைய 6.5 பாகை என்ற பாடம் வழியெல்லாம் வரும். மண்சரிவால் பாதை தடைப்படுவதுண்டு, முன்கூட்டியே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இவையெல்லாம் பாடசாலைக்குப் பின்னாலுள்ள ஓடையைப் பார்த்து முடித்த பிறகு.

பெற்றோர் விஷயம் கடைசியில் தானாகவே தீரக்கூடியது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பேச்சைக் குறைத்து, பாடசாலை முற்றத்தில் இரண்டு டின்னை இறக்கிவையுங்கள், மரத்தடியில் ஒன்று, நடைபாதையில் ஒன்று. பிள்ளைகளே தண்ணீரை ஊற்றி, 75 மி.மீ. என்றால் என்ன என்று தங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சொல்லட்டும். ஓடையில் அளந்த இடத்துக் கல்லில் பெயின்ட்டால் ஓர் அடையாளம் வைத்துவிடுங்கள். அடுத்த வருடத்து எட்டாந் தரம் அதே இடத்தில், அதே மாதத்தில் அளந்தால், இரண்டு வகுப்பின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.